மஃரிபுக்கு முந்திய முக்கால் மணி

நான் நடக்கத் தொடங்கியது பெற்றோல் இல்லாத காலத்தில். 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதி. ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவாகியிருந்தது. அந்த விலையைக் கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கும் அது கிடைக்கவில்லை. செட்டுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்கள் இரவு பகலாக வரிசையில் நின்றன. வரிசையிலேயே படுத்துத் தூங்கியவர்களுக்கு வீட்டிலிருந்து சோற்றுப் பார்சல் போனது. பிறகு கியூ.ஆர். முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். என் வாப்பா மேசன். இன்றைக்கு நிந்தவூரில் வேலை என்றால் நாளைக்கு மருதமுனையில் இருக்கும். அந்த நாலு லீற்றர் அவருடைய ஓட்டத்துக்கே காணாது. இதில் என்னைக் கல்முனைக்கு ஏற்றி இறக்க எங்கே போவது?

"மகள், கொஞ்ச நாளைக்கு நடந்து வாங்க" என்றார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

இப்போது பெற்றோல் தாராளமாகக் கிடைக்கிறது. காலையில் வேலைக்குப் போகும் வழியில் வாப்பா என்னைப் பாடசாலைப் படலையடியில் இறக்கிவிடுவார். பின்னேரம்தான் நடை. பிரத்தியேக வகுப்பு ஐந்து மணிக்கு முடியும். கல்முனையிலிருந்து சாய்ந்தமருதின் தெற்குப் பக்கத்திலுள்ள எங்கள் வளவுக்கு மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட வரும். என் நடைக்கு முக்கால் மணி நேரம். உம்மாவுக்குக் கடிகாரம் ஒன்றே ஒன்றுதான். அது மஃரிப் பாங்கு. பாங்கு சொல்லும்போது நான் கடப்புக்கு உள்ளே நிற்க வேண்டும். ஜூலையில் பாங்கு சொல்ல ஆறரை ஆகிவிடும். அப்போது வழியில் கச்சான் வாங்கித் தின்னவும் நேரமிருக்கும். நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே சொல்லிவிடுவார்கள். அந்த மாதத்தில் எதிரே வருகிறவருக்கு ஸலாம் சொல்வதும் நடந்துகொண்டேதான்.

கச்சான் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கத்தில் வறுத்த கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர், மே மாதத்துக்குப் பிறகு வயல் பக்கமிருந்து வீசும் காய்ந்த காற்றுக்கும் கச்சான் என்றுதான் பெயர். அந்தக் காற்றில் நடந்து பாருங்கள். வெள்ளைப் பர்தாவின் நுனி கடலைப் பார்த்துப் பறக்கும், வாய்க்குள் புழுதி இருக்கும். கையில் கச்சான் சுருளும் இருந்தால் இரண்டு கச்சானையும் ஒன்றாகத்தான் மெல்ல வேண்டும்.

வகுப்பு முடிந்து புறப்படும்போது நாங்கள் மூன்று பேர். பசார் தாண்டும் வரை படிப்புப் பேச்சுத்தான். அரசியல் விஞ்ஞானத்தில் இன்றைக்கு எழுதிய குறிப்பு யாருக்கு விளங்கியது, யாருக்கு விளங்கவில்லை என்பது, தமிழ்ப் பாடத்து ஒப்படையை எப்போது கொடுப்பது என்பது. கல்முனைக்குடிக்குள் நுழைந்ததும் பேச்சு மாறிவிடும். ஆஸ்பத்திரிப் பக்கம் ஒருத்தி பிரிவாள். இன்னும் கொஞ்சத் தூரத்தில் மற்றவள் கடற்கரைப் பக்கம் இறங்குவாள். அதற்குப் பிறகு நான் தனி. அந்த இருபது, இருபத்தைந்து நிமிடங்களைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வீட்டிலும் வகுப்பிலும் எப்போதும் யாராவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். என்னை யாரும் கூப்பிடாத நேரம் ஒரு நாளில் அது மட்டும்தான்.

தெற்கு நோக்கி நடக்கிறேன். வலப்பக்கம் சூரியன் கரைவாகு வயல்களின் மேலே இறங்கிக்கொண்டிருக்கும். இடப்பக்கம் என் நிழல். அது வீதியைக் கடந்து, வடிகானைக் கடந்து, எதிர்ப்பக்க மதிலில் ஏறி நிற்கும். எங்கள் கரையில் சூரியன் உதிப்பது கடலில், படுப்பது வயலில். ஆகவே பின்னேரத்தில் ஆளின் நிழலும், தென்னையின் நிழலும், பள்ளி மினாராவின் நிழலும் ஒன்றாகக் கடலைப் பார்த்துத்தான் நீளும். இதைப் பன்னிரண்டு வயது வரை மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து போன நான் ஒரு நாளும் கண்டதில்லை. வாப்பாவின் முதுகைத்தான் கண்டிருக்கிறேன், சீமெந்துத் தூள் படிந்த சேர்ட்டின் முதுகை.

இந்த நேரத்தில்தான் பாண் ஓட்டோ வரும். அதன் பாட்டு உங்களுக்கெல்லாம் தெரியும். அந்தப் பாட்டுக் கேட்டதும் ஒழுங்கைக்குள்ளிருந்து சின்னப் பிள்ளைகள் சில்லறையோடு ஓடி வருவார்கள். எங்கள் வகுப்பில் ஒரு நாள் ஆசிரியை ஒருவர் ஒரு பியானோ இசையைப் போட்டுக் காட்டி, இது யாருடையது தெரியுமா என்று கேட்டார். "பாண்காரர்ர, டீச்சர்" என்றது வகுப்பு முழுவதும். அது பீத்தோவன் 1810 இல் எழுதிய இசையாம். எலீஸ் என்ற பெண்ணுக்காக என்று அதற்குப் பெயராம். சிரித்து முடித்த பிறகு எனக்கு அந்த எலீஸின் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. எங்கேயோ பிறந்த ஒரு பெண்ணின் பெயரில் எழுதப்பட்ட இசை எங்கள் ஒழுங்கைக்குள் மாலுபாணும் தேங்காய்ப் பணிஸும் விற்றுக்கொண்டு திரிகிறதே! என்ன கூலி அவளுக்கு?

தோணாப் பாலத்தில் ஒரு நிமிடம் நிற்பேன். கடலுக்குப் போக வழி தேடி நிற்கும் தண்ணீர் அது. கோடையில் மேலே ஆற்றுவாழை மூடியிருக்கும், இடையிடையே பொலித்தீன் பைகள். மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்களைத்தான் அதிகம் காண்கிறேன். ஆனாலும் கொக்குகளுக்கு அந்த மூக்கு இல்லை. பின்னேரத்தில் பத்துப் பதினைந்து வந்து, ஒற்றைக் காலில், பாடசாலைக் காலைக் கூட்டத்தில் நிற்பது போல நிற்கும். மழை காலத்தில் இதே தோணா பெருகி வீட்டு வாசல்களுக்கு வந்துவிடும். அப்போது கடல் பக்கத்து மண்மேட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள்.

நிற்கும் இடமெல்லாம் இப்படி நல்ல இடமல்ல. ஒரு சந்தி இருக்கிறது. எந்தச் சந்தி என்று எழுதத் தேவையில்லை, நடக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும். அங்கே மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நாலைந்து பேர் நிற்பார்கள். முதலில் இருமல் வரும், பிறகு பாட்டு, பிறகு ஒரு பெயர். என் பெயரல்ல, ஏதோ ஒரு பெயர். முன்பு நான் எதிர்ப்பக்கம் மாறி நடப்பேன். ஒரு நாள் அந்தக் கூட்டத்தில் நின்ற ஒருவனை எனக்கு அடையாளம் தெரிந்தது. அவன் வீட்டுப் பின்பக்கச் சுவரை வாப்பாதான் பூசிக் கொடுத்தார். அவனுடைய உம்மா எனக்குத் தோடம்பழம் தந்திருக்கிறா. அடுத்த நாள் நேராகப் போய், "அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாக்கு இப்ப கால் சுகமா?" என்று கேட்டேன். அவன் "ஓம்... சுகம்" என்று நிலத்தைப் பார்த்தான். இருமல் நின்றுவிட்டது. எல்லாச் சந்தியிலும் இந்த மருந்து வேலை செய்யும் என்று சொல்ல மாட்டேன். என் வாப்பா ஊரில் பாதிச் சுவர் பூசியவர் என்பதால் எனக்கு அது சரிவந்தது. இது தெரிந்தும் உம்மா பயப்படுகிறா. "குமருப் புள்ள தனிய நடக்கிறாளே எண்டு ஊர் கேக்கிது" என்கிறா. ஊர் என்பது யார் என்று கேட்டால் அடுத்த வளவு மாமியின் பெயர்தான் வருகிறது.

மேசனின் மகளுக்கு வீதி வேறு மாதிரித்தான் தெரியும். மற்றவர்கள் வீட்டைப் பார்க்கும்போது நான் சுவரைப் பார்க்கிறேன். எந்தச் சுவர் தூக்குக்குண்டு பார்த்துக் கட்டியது, எது கண்மட்டத்துக்குக் கட்டியது, எந்தப் பூச்சில் மண் கூடிப்போனது, எந்தப் பில்லரில் கம்பி குறைந்தது என்றெல்லாம் வாப்பா மோட்டார் சைக்கிளில் போகும்போது சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிவிட்டது. கால்நடையில் போகும்போது இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் வீதியில் கட்டி முடியாத வீடுகள்தான் அதிகம் பேசுகின்றன. தோணாவிலிருந்து எங்கள் ஒழுங்கை வரைக்கும் நான் எண்ணி வைத்திருக்கிறேன்: லிண்டல் மட்டத்தோடு நின்றது பதினொன்று, கூரை வைத்துப் பூசாதது ஏழு, அத்திவாரத்தோடு கிடப்பது ஒன்பது. அந்த ஒன்பதில் ஒன்று என்னுடையது.

வெளியூரில் இருந்து வந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். எங்கள் கிழக்குக் கரையில் கலியாணம் முடித்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் ஒரு வீடு வேண்டும். மூத்தவளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் பின் வளவில் ஒரு கூரையைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். இரண்டாமவளுக்குப் பக்கத்தில் கட்டுவார்கள். மூன்றாமவள் இருந்தால் காணி தேடுவார்கள். இதற்கு மேலே கைக்கூலி. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில்கூட இந்தச் சொல் இருக்கிறது என்று வகுப்பில் கேட்டபோது சிரிப்பு வந்தது. எங்கள் அடுப்படிப் பேச்சு சட்டப் புத்தகம் வரை போயிருக்கிறதே என்று.

எங்கள் ராத்தாவுக்கு 2019 இல் கலியாணம் முடிந்தது. நாங்கள் வளர்ந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு உம்மா, வாப்பா, நான், தம்பி நாலு பேரும் பின்னால் தகரக் கூரை போட்ட இரண்டு அறைக்குள் வந்தோம். 2021 இல் எனக்கு அத்திவாரம் வெட்டினார்கள். அடுத்த வருடம் ஒரு பை சீமெந்து மூவாயிரம் ரூபாவைத் தாண்டியது. ஊரெல்லாம் வேலை நின்றது. மேசன்மார் சும்மா இருந்தார்கள். சும்மா இருக்கிற மேசனால் தன் மகளின் வீட்டை மட்டும் எப்படிக் கட்ட முடியும்? அத்திவாரத்துக்குள் புல் முளைத்தது. இப்போது அடுத்த வளவு ஆடுகள் எனக்குரிய ஹோலுக்குள் மேய்கின்றன. குசினிப் பக்கத்தில் ஒரு பப்பாசி தானாக முளைத்துக் காய்க்கவும் தொடங்கிவிட்டது.

வீதியில் நின்று மற்ற வீடுகளைப் பார்க்கும்போது ஒவ்வொன்றிலும் ஒரு தகப்பனின் வயது தெரியும். கத்தாரில் இருந்து பணம் வருகிற வீட்டுக்கு இரண்டு மாதத்தில் மேல் மாடி வந்துவிடும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வாப்பா தொலைபேசித் திரைக்குள்தான் இருக்கிறார். கரைவலைக்காரரின் வீட்டுக்கு மீன் பட்ட வருடத்தில் நாலு வரிக் கல் ஏறும், படாத வருடத்தில் பாசி ஏறும். ஒரு வீட்டில் லிண்டல் மட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் துருப்பிடித்து, அதில் ஈர உடுப்புக் காய்கிறது. அந்த வீட்டுக்குரிய பெண் இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பா. கடப்படியில் இருந்து பன் பின்னுகிறா. நான் போகும்போது நிமிர்ந்து சிரிப்பா. நானும் சிரிப்பேன். அதற்கு மேல் எங்களுக்குள் ஒரு பேச்சும் நடந்ததில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு பத்து அடி தூரத்துக்கு எனக்குக் கால் கனக்கும்.

இப்படி எண்ணி எண்ணித்தான் எனக்கு ஒரு கோபம் வளர்ந்தது. ஒரு பெண் பிறந்தால் ஒரு தகப்பன் இருபது வருடம் கல் சுமக்க வேண்டுமா? மஹர் கொடுக்க வேண்டியது ஆண். இங்கே வீடு கொடுக்க வேண்டியது பெண்ணாக இருக்கிறதே. போன வருடம் நபிதினப் போட்டியில் இந்த விஷயத்தைப் பேசிப் பரிசும் வாங்கினேன். கை தட்டியவர்களில் பலருடைய வீட்டிலும் அப்போது சீமெந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

அந்தக் கோபத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைத்தவ ஒரு மூத்தம்மா. எனக்குச் சொந்தமில்லை. எங்கள் ஒழுங்கைக்கு முன்னால் உள்ள ஒரு வீட்டு விறாந்தையில் பின்னேரத்தில் பாக்கு வெட்டிக்கொண்டு இருப்பா. நான் ஸலாம் சொன்னால் பதில் சொல்லிவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பா: "வாப்பாக்கு இண்டைக்கு எங்க வேல?" நான் சொல்வேன். "யார்ர புள்ளக்கு வீடு?" என்பா. அதையும் சொல்வேன். ஒரு நாள் ஜூலை மாதம், நேரம் இருந்தது, பக்கத்தில் இருந்தேன்.

"எனக்கு எங்கட வாப்பா கடக்கரைக்குக் கிட்ட கல்லூடு கெட்டித் தந்த. ரெண்டு சோடி மாடு வித்த. பதினாறுக்குப் பத்து ஹோல். 78 சூறாவளிக்கு ஓடெல்லாம் பறந்து போன, செவரு நிண்ட. சுனாமிக்குச் செவரும் போன."

2004 டிசம்பர் 26 நான் பிறப்பதற்கு முன்னால். அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை என்றும், அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள் என்றும் படித்துத்தான் தெரியும். கண்ணால் கண்டதெல்லாம் கடற்கரைப் பக்கத்தில் வீடில்லாமல் நிற்கும் கிணறுகளும், மணலுக்குள் தெரியும் குசினித் தரைகளும்தான். சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் வீடு கட்டக்கூடாது என்று தெற்கில் 100 மீற்றரும் வடக்கு, கிழக்கில் 200 மீற்றரும் ஒதுக்கினார்கள். எங்கள் ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு நாடா மாதிரிக் கிடப்பவை. இதில் 200 மீற்றரைக் கழித்தால் மிச்சம் என்ன? பிறகு அந்த எல்லை தளர்ந்தது. ஆனால் மூத்தம்மாவைப் போன்றவர்கள் அதற்கிடையில் வயல் பக்கம் கட்டிய புதிய வீடுகளுக்குப் போய்விட்டார்கள்.

"புது ஊடு யார்ர பேருல மூத்தம்மா?" என்று கேட்டேன். மேசனின் மகளுக்கு இதெல்லாம் வாயில் வரும்.

"அவர்ர பேருலதான். குடும்பத் தலைவர்ர பேரு செல்லுங்க எண்டு கேட்டாங்க. நான் என்னத்தச் செல்ற? அவர்ர பேரச் சென்ன."

கடலில் போனது அவருடைய தகப்பன் அவருக்குக் கொடுத்த வீடு. உறுதியும் அவருடைய பெயரில். அதற்குப் பதிலாகக் கிடைத்த வீடு கணவரின் பெயரில். இது ஒரு மூத்தம்மாவின் கதை மட்டுமல்ல. எங்கள் கரையில் சீதன வீடு இழந்த பல பெண்களுக்கு இப்படித்தான் நடந்தது. அவர் இருக்கும் வரை ஒன்றும் தெரியவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் அவர் மௌத்தாகிவிட்டார். இப்போது அந்த வீடு அவருடைய சொத்து. பிள்ளைகள் பங்கு கேட்கிறார்கள்.

நான் இஸ்லாமிய நாகரிகம் படிக்கிறேன். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. அன்றைக்கு மிச்ச வழி முழுவதும் அந்தக் கணக்கோடுதான் நடந்தேன். பங்கு சரி. மார்க்கம் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. அது கணவரின் சொத்துக்குரிய பங்கு. ஆனால் அந்தச் சொத்து யாருடையது? இரண்டு சோடி மாடு விற்று ஒருவர் தன் மகளுக்குக் கொடுத்தது. முழுவதும் தனக்கே உரியதாக இருந்த ஒன்றில் எட்டில் ஒன்றுக்கு ஒரு பெண் வந்து நிற்கிறா என்றால், தவறு கணக்கில் இல்லை. ஒரு படிவத்தின் முதல் வரியில் இருக்கிறது. பெயர் என்ன என்று கேட்ட அந்த வரியில்.

இப்போது மூத்தம்மா மகளின் வீட்டு விறாந்தையில் இருக்கிறா. அந்த வீடு மகளின் பெயரில் இருக்கிறது. அதனால்தான் அந்த விறாந்தையாவது அவவுக்கு இருக்கிறது. இதை அவவே சொன்னா. சொல்லிவிட்டுப் பாக்குத் துண்டு ஒன்றை என் கையில் வைத்தா. எனக்குப் பாக்குப் பழக்கமில்லை. ஆனாலும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் வீடுகளை எண்ணுவதில் ஒரு குழப்பம் வந்துவிட்டது. துருப்பிடித்த கம்பியைக் கண்டால் அந்தத் தகப்பன் பாவம் என்று தோன்றும். முடிந்த வீட்டைக் கண்டால், உறுதி யாருடைய பெயரில் இருக்கும் என்று தோன்றும். இரண்டில் எதை வைத்து இந்த வழக்கத்தை நிறுப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பரிசு வாங்கிய பேச்சை இப்போது பேசச் சொன்னால் நான் பாதியில் நின்றுவிடுவேன். நின்றாலும் பரவாயில்லை என்றுதான் படுகிறது.

நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு கிழமையில் எங்கள் வீட்டுக்கு ஒரு பேச்சு வந்தது. நான் வந்து கடப்படியில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே தேநீர்க் கோப்பைச் சத்தம். வந்தவருடைய முதலாவது கேள்வி என் காதில் விழுந்தது. "ஊடு எந்தளவுல நிக்கிது?" நான் என்ன படிக்கிறேன் என்பது மூன்றாவதோ நாலாவதோ கேள்வியாக வந்தது. உம்மா மெதுவாக ஏதோ சொன்னா. வாப்பாவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "சோதின முடியட்டும். கம்பஸ் கிடைச்சா அதுவும் முடியட்டும். ஊட்ட அதுக்குள்ள நான் பாப்பன்." வந்தவர் தேநீரை முழுவதும் குடிக்காமல் போய்விட்டார். அன்றிரவு உம்மா, பின்னேர வகுப்புக்கு இனி வேனில் போய் வரலாம் என்ற பேச்சை எடுத்தா. மாதம் எவ்வளவு கேட்கிறார்கள் என்று வாப்பா விசாரித்தார். உம்மா சொன்ன தொகையைக் கேட்டு அவர் மனதுக்குள் எதையோ வகுத்துப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. எத்தனை பை சீமெந்து என்றுதான் இருக்கும்.

போன சனிக்கிழமை வகுப்பு முடிந்து வந்தபோது அத்திவாரத்துப் புல்லெல்லாம் செருக்கிக் கிடந்தது. ஆடுகள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தன. பப்பாசியை மட்டும் வெட்டவில்லை. வாப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மூலையில் குந்தியிருந்தார். பக்கத்தில் மூன்று பை சீமெந்து, நூறு கல் இருக்கும். யாருடையதோ வீட்டு வேலையில் கிடைத்த கூலியின் மிச்சம்.

புத்தகப் பையைக் கழற்றாமலே சொன்னேன். "வாப்பா, எனக்கு ஊடு வேணாம். கம்பஸ் போனாக் காணும்."

அவர் நிமிரவில்லை. சாந்தகப்பையால் கல்லின் மேல் சாந்தைத் தடவிக்கொண்டே கேட்டார். "கம்பஸ் போய்ப் படிச்சி வந்தா எங்க இரிக்கிற?"

"இங்கதான். உங்களோட."

"நாங்க எத்தின நாளைக்கு?"

நான் பேசவில்லை. அவர் அடுத்த கல்லை எடுத்து வைத்துத் தட்டினார்.

"இது மாப்புளக்குக் கெட்டுற ஊடு எண்டா நீ நினைக்கிறாய்? வாறவர் வரட்டும், வராட்டி விடட்டும். உறுதி உண்ட பேருல. உனக்குப் படிக்க ஒரு மேச, படுக்க ஒரு மூல. அவ்வளவுதான். ரெண்டு அறையோட நிப்பாட்டுவம். மாடியெல்லாம் என்னால ஏலா."

மூத்தம்மாவின் கதையை வாப்பாவுக்கு நான் சொன்னதே இல்லை. அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். பிறகுதான் நினைவு வந்தது, ஊரில் பாதிச் சுவர் பூசியவருக்கு அந்தச் சுவர்களுக்குள் நடக்கிற கதையும் தெரிந்திருக்கும்.

"அப்ப ஒரு ஜன்னல் றோட்டுப் பக்கம் வைங்க" என்றேன்.

"மதில் வந்தா றோட்டு எங்க தெரியும்?"

"மதிலப் பதிவாக் கெட்டுங்க."

"உண்ட உம்மா விடமாட்டா."

"நான் கேக்கிறன்."

அவர் சிரித்தார். நூல் கட்டிய ஆணியில் ஒன்றை எடுத்து என் பக்கம் எறிந்தார். "அந்த மூலையில போய்ப் புடி. இழுத்துப் புடி, தொய்ய விடாத."

பையை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, புடவையெல்லாம் புழுதியாகும் என்ற நினைவில்லாமல் வெள்ளைச் சீருடையோடு மற்ற மூலையில் குந்தினேன். அங்கிருந்து பார்த்தால் வீதி தெரிந்தது. பாண் ஓட்டோ எங்கள் ஒழுங்கை வாயைக் கடந்து தன் பாட்டோடு மாளிகைக்காட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பின் வீட்டிலிருந்து உம்மா கூப்பிட்டா.

"பாங்கு செல்லப் போகுது. ரெண்டு பேரும் வாங்க."

"இந்த வரி முடியட்டும்" என்றார் வாப்பா.